அமானியும் குத்தகையும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் தொழில் செய்பவர். இப்போது மகன்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறான். இவர் வந்து உட்கார்ந்து, நாலு பேரிடம் பேசி, காப்பி குடித்துவிட்டுப் போவதோடு சரி. அன்றைக்குக் காப்பி வரவில்லை. ஆபீஸில் இருந்த ஆறு கம்ப்யூட்டர்களும் இருண்டு கிடந்தன. ஒரு கன்டெய்னர் நிலாவரை இலை மறுநாள் காலைக்குள் துறைமுகக் கேட்டுக்குள் போயாக வேண்டும். அதற்கான காகிதங்கள் எல்லாம் சர்வருக்குள். சர்வரைக் கவனித்துக்கொள்ளும் கம்பெனி வெளியூரில்.

மகன் போன் போட்டபடியே இருந்தான். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு குரல். ஒவ்வொரு குரலுக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "டிக்கெட் போட்டாச்சு சார், நாலு மணி நேரத்துல எங்க ஆள் கூப்பிடுவாங்க" என்றார்கள். சொன்னபடியே மூன்றரை மணி நேரத்தில் ஒருவர் கூப்பிட்டார். அதே கேள்விகளைக் கேட்டார். இது தன் கையில் இல்லை, மேலே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். கப்பல் போய்விட்டது. நிலாவரை ஒரு வாரம் காத்திருந்தது.

"பிரெஞ்சு சார்," (இந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர்) "மாசாமாசம் தவறாமப் பணம் கட்டுதேன். என் வீட்டுச் சாவி என்கிட்ட இல்லங்கிறது இன்னைக்குத்தான் தெரியுது" என்றார் நண்பர்.

"அண்ணாச்சி, அந்த அக்ரிமென்ட்டை எடுங்க" என்றேன். முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்தவன். காகிதத்தைப் பார்த்தால்தான் எனக்கு ஒரு விஷயம் புரியும். அதில் தெளிவாக இருந்தது: நான்கு மணி நேரத்தில் பதில். பழுது நீக்கித் தருவதற்கு எந்தக் கால வரம்பும் இல்லை. ஆக, அந்தக் கம்பெனி ஒப்பந்தத்தை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பழைய ரெவின்யூ வார்த்தை ஒன்று ஞாபகம் வந்தது. அமானி. இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு வருமானத்தை அரசாங்கமே தன் ஆட்களை வைத்து, தன் கணக்கில் நடத்தினால் அமானி. ஒருவரிடம் இவ்வளவு என்று தொகை பேசி விட்டுவிட்டால் குத்தகை. பள்ளிக்கூடத்தில் இதையே நான் வேறு இரண்டு வார்த்தைகளில் படித்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியம். ஏழாம் ஹென்றியும் எட்டாம் ஹென்றியும் எனக்குத் தெரியாது, பதினான்காம் லூயியும் கோல்பேரும்தான். பிரெஞ்சில் அமானிக்கு 'ரெஜி', குத்தகைக்கு 'ஃபெர்ம்'. கோல்பேர் காலத்தில், 1680 வாக்கில், பல வரிகளை ஒன்றாகச் சேர்த்து 'ஃபெர்ம் ஜெனரால்' என்ற பெரிய குத்தகையாக்கினார்கள். ஆறு ஆண்டுக்கு ஒரு தடவை ஒப்பந்தம். ராஜாவுக்குப் பணம் உடனே கிடைக்கும். வசூலிக்கிற தொல்லை குத்தகைக்காரர்களுக்கு. அவர்கள் கையில் இருந்தவற்றில் ஜனங்கள் மிகவும் வெறுத்தது உப்பு வரியை. தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் உப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

ரொம்ப நாள் நடந்த குத்தகையில் என்ன ஆகும் என்றால், வரி எங்கே எவ்வளவு, எந்த ஊரில் எப்படி என்ற விவரம் ராஜாவின் கச்சேரியில் இருக்காது, குத்தகைக்காரர் ஆபீஸில்தான் இருக்கும். ஜனங்களின் கோபமும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. புரட்சி வந்து 1791இல் அந்த அமைப்பைக் கலைத்தார்கள். 1794 மே 8ஆம் தேதி குத்தகைக்காரர்கள் இருபத்தெட்டுப் பேரைத் தலை வெட்டினார்கள். அதில் ஒருவர் லவாசியே, ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த அதே விஞ்ஞானி. அந்தப் பாடம் நடத்தும்போது எங்கள் வாத்தியார் சற்று நேரம் பேசாமல் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

நம் முத்துக் கரைக்கு வருவோம். கடலுக்கு இந்தப் பக்கம் நம் தூத்துக்குடிப் பார்கள், அந்தப் பக்கம் மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பார்கள். குளிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். 1796இல் இலங்கைக் கரை ஒல்லாந்தர் கையிலிருந்து இங்கிலீஷ்காரர்கள் கைக்கு வந்தது. வந்த வேகத்தில் 1796, 97, 98 என்று மூன்று வருஷம் அடுத்தடுத்துச் சலாபம் நடத்தினார்கள். அதன் பிறகு பார்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டி வந்தது.

1804இல் நடந்த சலாபத்தை, கொழும்பில் இருந்த கார்டினர் என்ற பாதிரியார் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்குக் குத்தகை விட்டிருந்தார்கள். முப்பது நாள், நூற்றைம்பது தோணி, மூன்று லட்சம் பரங்கிப்பேட்டை வராகன். அவர் சில தோணிகளுக்கு உரிமையை உள்குத்தகையாக விற்றார். மீதியைத் தானே வைத்துக்கொண்டார். முப்பது நாள் குத்தகை எடுத்தவன் முப்பத்தோராம் நாளைப் பற்றி ஏன் நினைக்க வேண்டும்? சிப்பி முற்றியதா, பிஞ்சா, அடுத்த வருஷத்துக்கு ஏதாவது மிஞ்சுமா என்பதெல்லாம் பாருக்குச் சொந்தக்காரனின் கவலை. குத்தகைக்காரனுக்கு முப்பது நாளும் நூற்றைம்பது தோணியும்தான் கணக்கு. நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஒப்பந்தம் எதை எண்ணுகிறதோ அதைத்தான் எவனும் செய்வான்.

இது அதிகாரிகளுக்கும் மெல்லப் புரிந்தது. பிற்பாடு சலாபத்தை அமானியில் நடத்தினார்கள். இங்கிலீஷ் ரிக்கார்டுகளிலும் அந்த வார்த்தையையே அப்படியே எழுதிவைத்தார்கள். எப்படி என்றால், முதலில் அரசாங்க அதிகாரியே பாருக்குப் போய்ச் சிப்பி எடுத்துவரச் செய்து, வயது பார்த்து, மாதிரிக்குக் கொஞ்சத்தை அழுகவிட்டுக் கழுவி, எவ்வளவு முத்து தேறுகிறது என்று பார்ப்பார். தேறினால்தான் சலாபம் என்று விளம்பரம். தோணியும் குளியாட்களும் அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை. அவர்கள் வெளி ஆட்கள், கூலிக்குப் பதிலாகப் பங்கு. கரைக்கு வந்ததும் கொட்டில் மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கை அன்று மாலையே ஏலம் போட்டுவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, வேலை முழுக்க வெளி ஆட்களிடம்தான் இருந்தது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியது எந்த அரசாங்க உத்தியோகஸ்தரும் இல்லை. ஆனால் பாரின் நிலவரம், எண்ணிக்கை, எப்போது தொடங்குவது எப்போது நிறுத்துவது என்பவை வெளியே போகவில்லை.

நூறு வருஷம் கழித்து இலங்கை அரசாங்கம் அதை மறந்துவிட்டது. 1903இலிருந்து தொடர்ந்து நல்ல சலாபங்கள். 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி, அரசுக்கு வருமானம் 25 லட்சம் ரூபாய். இவ்வளவு வந்த பிறகு ஒரு பயமும் வந்தது, நாளைக்கு வராமல் போனால்? முத்து விஷயத்தில் பத்து வருஷம் பதினைந்து வருஷம் ஒன்றுமே இல்லாமல் போவது உண்டு. ஆகவே 1906இல் லண்டனில் அமைந்த ஒரு கம்பெனிக்கு (பெயரே சிலோன் முத்துக்குளிப்போர் கம்பெனி) இருபது வருஷத்துக்குப் பார்களைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வருஷம் 3,10,000 ரூபாய். பார்களை அபிவிருத்தி செய்கிற பொறுப்பும் கம்பெனிக்கே. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நிச்சயமான வருமானம், நமக்குத் தலைவலி இல்லை, விஞ்ஞானம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

1907க்குப் பிறகு அந்தப் பார்களில் சலாபமே நடக்கவில்லை. சிப்பி இல்லை. கம்பெனி 1912இல் கலைக்கப்பட்டது. இருபது வருஷ ஒப்பந்தம் ஆறு வருஷத்தில் முடிந்தது. அடுத்த சலாபம் 1925இல்தான். சிப்பி அழிந்ததற்குக் கம்பெனிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நீரோட்டம், மணல் மூடுவது, திருக்கை மீன் என்று ஆயிரம் இருக்கிறது. என் விஷயம் வேறு. வருமானத்தோடு சேர்த்துப் பாரைப் பார்த்துக்கொள்கிற வேலையையும் கொடுத்துவிட்டால், கொடுத்தவன் கையில் மிஞ்சுவது ஒப்பந்தக் காகிதம் ஒன்றுதான். நம் பக்கத்தில் அப்படிச் செய்யவில்லை. சென்னை அரசாங்கத்தின் மீன்துறையே 1955 முதல் 1961 வரை வருஷா வருஷம் தூத்துக்குடியில் சலாபம் நடத்தியது. இதைப் படிக்கிற உங்களில் சிலர் அப்போது சிறுவர்களாக அந்தக் கரையில் சிப்பி பொறுக்கியிருப்பீர்கள்.

அதே 1906. அதே கடல். வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தது அந்த வருஷம் அக்டோபர் 16. இது நம் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஒரு சின்ன விவரத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஷா லைன் என்ற கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரனின் பி.ஐ. கம்பெனி என்ன செய்தது? தூத்துக்குடிக்கு வந்து சண்டை போடவில்லை. நேராகக் கப்பல் சொந்தக்காரரிடம் போய் அழுத்தம் கொடுத்தது. அவர் வாடகையை ரத்து செய்துவிட்டார். பயணிகள் இருக்கிறார்கள், சரக்கு இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, கப்பல் மட்டும் இல்லை. அவசரத்துக்கு இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார்கள். அதன் பிறகுதான் பிள்ளையவர்கள் பங்குப் பணம் திரட்ட ஊர் ஊராக அலைந்தார். 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் சொந்தமாக வந்தன. (காலியா என்பது பிரான்ஸ் தேசத்தின் பழைய லத்தீன் பெயர். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம், மன்னித்துக்கொள்ளுங்கள்.) பிறகு அந்தக் கம்பெனியை எப்படி ஒடுக்கினார்கள் என்பது வேறு கதை. ஆனால் அவர்களுக்கு விழுந்த முதல் அடி எதிரியிடமிருந்து நேரே விழவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர் வழியாக விழுந்தது.

இனி என் சொந்தக் கதை. இதை இதுவரை எழுதியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்த ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எந்த ஆபீஸ் என்று வேண்டாம். ஏ.சி. ரூம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சம்பளப் பட்டியல், சேமநல நிதிக் கணக்கு எல்லாவற்றையும் அதில் ஏற்றினார்கள். நாங்கள் யாரும் அதைத் தொட மாட்டோம். வெளியே ஒரு கம்பெனியுடன் ஏ.எம்.சி., அதாவது வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். அந்தப் பையன் ஒருவன் வருவான், நல்ல பையன். எல்லாம் அவன் விரல் நுனியில். ஒரு தடவை அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டான். அந்த மூன்று வாரமும் சம்பளப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க எங்களால் முடியவில்லை. அப்போதே விழித்திருக்க வேண்டும். பிறகு அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது; பாஸ்வேர்டும் அவனோடு பெங்களூர் போயிற்று. அதற்கு ஒரு வாரம் அலைந்தோம்.

இரண்டு வருஷம் கழித்து டெண்டர். குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேட்டவர் வேறு கம்பெனி. பழைய கம்பெனி ஒரு டேப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, தகவல் எல்லாம் இதில் இருக்கிறது என்று ரசீது வாங்கிக்கொண்டு போனது. புதிய கம்பெனி அந்த டேப்பைப் போட்டுப் பார்த்தது. திறக்கவில்லை. அது பழைய கம்பெனியின் சொந்த வடிவத்தில் இருந்தது. பழையவர்களைக் கேட்டால், மாற்றித் தரலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படித் தர வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதைத் தட்டச்சு செய்தவன் நான். அது மட்டும் இல்லை. 'வேலை திருப்திகரமாக முடிந்தது, தகவல் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற சர்டிபிகேட்டைத் தயார் செய்து அதிகாரியிடம் கையெழுத்துக்கு வைத்தவனும் நான்தான். ஓரத்தில் என் இனிஷியல் இருந்தது. டேப்பை நான் திறந்து பார்க்கவில்லை. எனக்குத் திறக்கத் தெரியாது. தெரியாது என்று எழுதியிருக்கலாம்.

கையால் எழுதிய லெட்ஜர்கள் ஒரு வருஷம் வரைக்கும் இருந்தன. எங்கள் ஹெட் கிளார்க் அவற்றைப் பழைய பேப்பருக்குப் போட விடவில்லை. அதற்காக நாங்களே அவரைக் கேலி செய்திருக்கிறோம். அதற்குப் பிந்திய இரண்டு வருஷப் பதிவுகள் டேப்புக்குள் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வாட்ச்மேன் ஒருவர் சர்வீஸில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் மனைவி திங்கட்கிழமை தோறும் வருவார். நிதிக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும், கடைசி இரண்டு வருஷம் தெரியாமல் முடிக்க முடியாது. "ஐயா, எப்பம் வரும்?" என்பார். "அடுத்த வாரம் பாருங்கம்மா" என்பேன். பதினொரு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள்கூட அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. கடைசியில் பட்டியல் நகல்கள், பாங்க் சலான்கள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, நானும் ஹெட் கிளார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அந்த இரண்டு வருஷத்தைக் கையால் எழுதினோம். செக் கொடுத்த அன்று அந்த அம்மாள் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கி வந்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டர்கள் வளர்ந்துவிட்டன, அப்படியெல்லாம் நடக்காது என்று என் பேரன் சொல்கிறான். 2017 ஜூன் 27ஆம் தேதியை அவனுக்குச் சொன்னேன். மெர்ஸ்க், நம் துறைமுகத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கப்பல் கம்பெனி. உக்ரைனில் கணக்கு எழுதப் பயன்படும் ஒரு மென்பொருள். அதைச் செய்தவர்கள் வேறு யாரோ. அவர்களுடைய சர்வருக்குள் புகுந்த கெட்டவர்கள், புதுப்பிப்பு என்ற பெயரில் விஷத்தை அனுப்பினார்கள். மெர்ஸ்க் அந்த மென்பொருளை வைத்திருந்தது. உலகமெங்கும் அதன் கம்ப்யூட்டர்கள் சில மணி நேரத்தில் செத்தன. பம்பாய் நவசேவாவில் அதன் துணைக் கம்பெனி நடத்திய முனையமும் நின்றது. யார் எந்தக் கம்ப்யூட்டரில் நுழையலாம் என்ற மூலப் பதிவேட்டின் பிரதிகள் சுமார் நூற்றைம்பது இடத்தில் இருந்தன, எல்லாம் அழிந்தன. ஒன்று மட்டும் தப்பியது, ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸில். ஏன்? அந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு! கானா ஆளுக்கு இங்கிலாந்து விசா இல்லை. நைஜீரியா விமான நிலையம் வரை கொண்டுவந்து வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதைவைத்துத்தான் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் திரும்ப எழுப்பினார்கள். மின்வெட்டை நான் வாழ்த்தியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2024 ஜூலை 31ஆம் தேதி நம் நாட்டில் சுமார் 300 சின்ன பாங்குகளின் பணப் பரிமாற்றம் நின்றது. கூட்டுறவு பாங்குகள், கிராம பாங்குகள். அவற்றுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வேலை செய்துதரும் சி-எட்ஜ் என்ற ஒரே கம்பெனியைத் தாக்கிவிட்டார்கள். பரவாமல் இருக்க அதை மற்ற பாங்குகளிடமிருந்து துண்டித்து வைத்தார்கள். கிராம பாங்கில் பென்ஷன் வாங்குகிற ஒருவருக்கு அந்தக் கம்பெனியின் பெயரே தெரிந்திருக்காது. ரிசர்வ் பாங்க் அதற்கு முந்தைய வருஷமே, 2023 ஏப்ரலில், ஓர் ஆணை போட்டிருந்தது: கம்ப்யூட்டர் வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு பாங்குடையதுதான், ஒப்பந்தம் முடிந்தால் எப்படி வெளியே வருவது என்பதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். அதைப் படித்தபோது, இந்த ஆணை 1996இல் என் மேஜைமேல் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பரும் மகனும் வீட்டுக்கு வந்தார்கள். குத்தகையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறு கம்ப்யூட்டருக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்க அவரால் முடியாது. குளியாட்கள் வெளி ஆட்களாகவே இருக்கட்டும். புது ஒப்பந்தத்துக்கு மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். பதிலுக்கு மட்டும் இல்லாமல் பழுது நீக்கவும் நேரம் குறிக்க வேண்டும். தகவலின் ஒரு பிரதி வாரா வாரம் நம் கைக்கு, நமக்குத் திறக்கத் தெரிந்த வடிவத்தில் வர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் தனிக் கட்டணம் இல்லாமல் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். அதோடு, வருகிற பிரதியை மாதம் ஒரு தடவை மகனே வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். கம்பெனிக்காரர் முதல் இரண்டுக்குச் சரி என்றாராம். மூன்றாவதற்கு மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிட்டார்கள். அந்த நோட்டு இப்போது அண்ணாச்சியின் இரும்புப் பெட்டியில், அவர் அப்பா காலத்துப் பேரேட்டுக்கு மேலே இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை போனேன். காப்பி வந்தது.